மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஆட்கள் ஏன் ஊர் விட்டுப் போகிறார்கள்?

இறுதியாண்டு ஆய்வுக்காக ஒரு தங்கை கேட்டிருக்கும் கேள்வி இது: "மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் மக்கள் காலநிலை மாற்றத்தால் இடம்பெயர்கிறார்கள் என்று எழுதலாமா? உள்ளூர் நிர்வாகத்துக்கு இதில் பங்கு ஏதும் இருக்கிறதா?"

எழுதலாம் தங்கச்சி. ஆனால் அதை ஒற்றை வரியாக எழுதினால் முதலில் சந்தோசப்படப்போவது கந்தோர்களில் இருக்கிற ஐயாமார்தான். பழியை மழை தலையில் போட்டுவிட்டால் பதில் சொல்ல ஆளே தேவையில்லை.

நிவாரணம், நீர்ப்பாசனம், மீள்குடியேற்றம் என்று கிழக்கிலங்கையின் இந்த இரண்டு மாவட்டங்களிலும் பல காலம் அலைந்தவன் என்ற வகையில் என் கணிப்பைச் சொல்கிறேன். மழையும் கடலும் ஆட்களை வீட்டிலிருந்து எழுப்பிவிடும், பத்து நாள் பள்ளிக்கூடத்தில் படுக்கவைக்கும். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் பழைய வீட்டுக்கே போகிறதா, பிரதான வீதிப் பக்கம் பத்துப் பேர்ச் காணி தேடுகிறதா, இல்லை தாயோ மகனோ கட்டாருக்கு விமானம் ஏறுகிறார்களா என்பது காணி, தண்ணீர், பாதை, கடன் என்ற நாலில் தங்கியிருக்கிறது. இந்த நாலிலும் யாரோ எங்கேயோ ஒரு மேசையில் இருந்து எடுத்த முடிவு இருக்கும்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மண்ணில் இடம்பெயர்வது புதுப் பழக்கம் இல்லை. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடு, மேற்கே படுவான்கரையில் வயல். மாரிக்கால நெற்செய்கையான பெரும்போகம் தொடங்கினால் ஆம்பிளைகள் வயலில் உள்ள வாடிக்கு, அதாவது கொட்டிலுக்கு, போய்விடுவார்கள். விதைப்பு, காவல், அறுவடை எல்லாம் முடிந்துதான் நெல்லோடு திரும்புவார்கள். மாடுகளும் அப்படித்தான். வயலில் பயிர் நிற்கும் காலத்தில் பட்டியைச் சாய்த்துக்கொண்டு மேற்கே மேய்ச்சல் தரைக்குப் போக வேண்டும், அறுவடை முடிந்தால் திரும்பலாம். காலநிலைக்கேற்ப ஆளும் மாடும் நகர்ந்து வாழ்ந்த ஒழுங்கு இது. அதற்கென்று நிர்வாகமும் இருந்தது. பெருங்காணிக்காரரான போடியார், வயல்வெளியை மேற்பார்க்கும் வட்டைவிதானை, வேலையாட்களுக்குப் பொறுப்பான முல்லைக்காரன் என்று ஆளுக்கொரு பொறுப்பு. இன்றைக்கும் போகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புக்குக் கடைசித் திகதி, தண்ணீர் விடும் திகதி, மாடு அகற்றும் திகதி எல்லாவற்றையும் குறிக்கிறார்கள். ஆகவே ஆட்கள் நகர்வதைத் தனியாக ஒரு நோய் மாதிரி எழுதாதீர்கள். போனவர் திரும்பி வர முடியாமல் போகும் இடத்தைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

சரி, காலநிலைப் பக்கத்துக்கு வருவோம். இங்கே வருட மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் தொடங்கி ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மானாவாரிக்காரர் முதல் மழையை நம்பிப் புழுதியில் விதைப்பார்கள். அந்த மழை பிந்தினால் முளை கருகும். முந்தி வந்து மொத்தமாகக் கொட்டினால் விதைநெல் அழுகும். இரண்டுக்கும் தப்பிய பயிருக்கு ஜனவரியில், கதிர் முற்றும் நேரத்தில், இன்னொரு கண்டம் இருக்கிறது. 2011 ஜனவரி வெள்ளம் சரியாக அந்த நேரத்தில்தான் வந்தது. பெப்ரவரியில் அதன் இரண்டாவது சுற்றும் வந்தது. நாடு முழுக்கப் பத்து லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், மிக மோசமாக அடிபட்டவை இந்த இரண்டு மாவட்டங்களும்தான். 2014 டிசம்பர், 2024 நவம்பர் என்று பெருவெள்ளங்கள் தொடர்ந்தன. நடுவில் 2016 கடைசியில் தொடங்கிய வரட்சி 2017 முழுக்க இழுத்தது. அந்த ஒரு வருடத்தில் இலங்கையின் நெல் விளைச்சல் அதற்கு முந்திய ஆண்டின் ஏறத்தாழப் பாதியளவுக்கு இறங்கியது. சூடான காற்று கூடுதலாக நீராவியைப் பிடித்துவைத்திருந்து ஒரேயடியாகக் கொட்டும் என்பது பௌதிகம், அதில் சண்டை பிடிக்க எதுவும் இல்லை.

ஆனால் 1978 ஐயும் பாருங்கள். அந்த வருடம் நவம்பர் 23 ஆம் திகதி இரவு வந்த சூறாவளி தொள்ளாயிரம் பேருக்கு மேல் கொன்றது. தென்னைகள் வரிசை வரிசையாக விழுந்தன, கூரை மிஞ்சிய வீடு அரிது. இந்தப் பகுதி கண்ட மிகப் பெரிய காலநிலைப் பேரிடர்களில் அது ஒன்று. ஊர் காலியாகவில்லையே! ஆட்கள் விழுந்த தென்னையை அரிந்து, கிடுகு பின்னி, அதே வளவில் கொட்டில் போட்டார்கள். உண்மையில் ஊர்களைக் காலியாக்கியது பிறகு வந்த போர். 1990 இல் ஒரு தடவை, 2006, 2007 இல் வாகரை, படுவான்கரை என்று இன்னொரு தடவை. அந்தக் கடைசிச் சுற்றில் மட்டும் மட்டக்களப்பு மாவட்டத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அகதி முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தார்கள். போரால் போனவர், வெள்ளத்தால் போனவர், கடனால் போனவர் என்று இங்கே யாரையும் சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியாது. ஒரே ஆள் மூன்றாலும் போயிருப்பார்.

இனி நிர்வாகம். இது எங்கே ஒளிந்திருக்கும் என்றால், நீங்கள் இயற்கை என்று நினைக்கும் இடத்தில்தான்.

வாவி முகத்துவாரத்தை எடுங்கள். மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் இடங்கள் இரண்டு: பாலமீன்மடுப் பக்கம் ஒன்று, தெற்கே கல்லாற்றில் ஒன்று. கோடையில் அலை மணலைக் குவித்து வாயை மூடிவிடும். மாரியில் மேற்கே உள்ள குளங்கள் நிரம்பி வான் பாயும், ஆறுகள் வந்து வாவியில் விழும், தண்ணீர் ஏறும். கரையோர வயல்காரர் "வெட்டுங்கோ" என்று சத்தம் போடுவார்கள். மீன்பிடிகாரர் "பொறுங்கோ" என்பார்கள். அவசரப்பட்டு வெட்டினால் நன்னீர் இறங்கி உப்புநீர் ஏறும், மீனும் இறாலும் கடலோடு போகும். பிந்தி வெட்டினால் ஆயிரக்கணக்கான ஏக்கரில் பயிர் தண்ணீருக்கு அடியில் கிடக்கும். கூட்டம் கூடி, கடிதம் எழுதி, பெக்கோ இயந்திரம் வந்து சேருவதற்குள் மூன்று நாள் போனால் அந்த மூன்று நாளில் ஒரு போகம் போய்விடும். மறுநாள் பத்திரிகையில் "வெள்ளத்தால் பயிர் அழிவு" என்று வரும். பிந்திய மூன்று நாளைப் பற்றி ஒரு வரி வராது. திருக்கோவில், அக்கரைப்பற்றுப் பக்கத்திலும் இதே கதைதான், அங்கே சின்ன முகத்துவாரம்.

பாதை இன்னொன்று. கிரானில் இருந்து புலிபாய்ந்தகல் போகிற வீதி பெருவெள்ளம் வந்தால் மூழ்கும். அப்போது அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குப் படகுதான். அரசாங்க அலுவலர், ஆசிரியர், அரிசி மூட்டை, கர்ப்பிணி எல்லாம் ஒரே படகில். படகடியில் காத்து நின்றபோது ஒரு தாய் தன் பிள்ளையின் சப்பாத்தைப் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பிள்ளை வெறுங்காலோடு சேற்றில். "அக்கரையில போய்ப் போடலாம் மன" என்று சமாதானம் சொன்னவர், என்னைப் பார்த்து, "எட்டாம் ஆண்டுக்கு மறுகா இவன டவுண்ல தங்கச்சி ஊட்ட விட்டுருவன் சேர்" என்றார். இப்படித்தான் தொடங்கும். முதலில் படிக்கிற பிள்ளை, அப்புறம் பிள்ளையைப் பார்க்க அம்மம்மா, பிறகு வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு அப்பா. வெள்ளம் வருகிற நாளில் ஒரு ஆள்கூட இடம்பெயர்ந்திருக்க மாட்டார். நாலைந்து வருடத்தில் வீடு பூட்டிக் கிடக்கும். பாலம் ஒன்று இருந்திருந்தால்? மண்முனையில் பார்க்கலாம். 2014 இல் ஜப்பான் உதவியில் பாலம் வந்தது. அதற்கு முன் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக "பாதை" என்று நாங்கள் சொல்லும் மிதவையைத்தான் நம்பியிருக்க வேண்டும், காற்று அடித்தால் அது ஓடாது. பாலத்துக்குப் பிறகு அங்கே ஒருவர் காலையில் நகரத்துக்கு வேலைக்குப் போய்ப் பின்னேரம் வீடு வருகிறார். போனாலும் வரலாம் என்பதால் குடும்பம் ஊரில் இருக்கிறது.

வீதி மூழ்கினால் என்ன நடக்கும் என்பதற்கு 2024 நவம்பர் 26 ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளியில் நடந்ததை விட வேறு சாட்சி வேண்டாம். வெள்ளம் குறுக்கே பாய்ந்த வீதியில் உழவு இயந்திரம் கவிழ்ந்து, மத்ரஸாவில் இருந்து வீடு போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் இறந்தார்கள். வயல்வெளியை ஊடறுத்துப் போகும் தாழ்ந்த வீதி அது, மழைக்காலத்தில் நீர் குறுக்கே பாயும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இழப்பீட்டுக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். வயல் அழிந்தால் இழப்பீடு, காப்புறுதி எல்லாம் பெரும்பாலும் விவசாயிகளுக்கான அரசாங்கக் கந்தோராகிய கமநல சேவை நிலையத்தில் இருக்கும் நெற்காணி இடாப்பை, அதாவது பதிவேட்டை, பார்த்துத்தான் ஓடும். அந்த இடாப்பில் பெயர் இருப்பவர் காணிக்காரர், சில வேளை அனுமதிப்பத்திரம் வைத்திருந்து எப்போதோ செத்துப்போன தாத்தா. வயலில் இறங்கி விதைத்தவர் குத்தகைக்காரர். குத்தகை வாய்ப்பேச்சு, எழுத்தில் ஒன்றும் இருக்காது. விதைநெல், உரம், உழவுக்கூலி எல்லாம் குத்தகைக்காரருடைய கடன், இழப்பீடு வந்தால் போகிற கணக்கு இன்னொருவருடையது. நல்ல காணிக்காரராக இருந்தால் பாதி கொடுப்பார். செங்கலடிப் பக்கத்தில் ஒருவர் இதைச் சொல்லும்போது சிரித்தார்: "ரெண்டு தரம் விதைச்சன், ரெண்டு தரமும் அழுகிட்டு. காசு வந்தது முதலாளிக்கு. மறுகா நான் இஞ்ச நிண்டு என்ன செய்யிற?" அடுத்த தடவை போனபோது அவருடைய மகன் சவூதியில் இருந்தார். உங்கள் ஆய்வில் இவரை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? காலநிலைப் பெட்டியா, காணிப் பெட்டியா?

அரசாங்கம் தானே உருவாக்கும் அழிவும் உண்டு. 2021 மே மாதம் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடை செய்து, நவம்பரில் தடையை நீக்கினார்கள். இடையில் போன விளைச்சலுக்கு மழையும் வெயிலும் பொறுப்பில்லை. 2022 இல் வேலைக்கென்று நாட்டை விட்டுப் போனவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். கடவுச்சீட்டுக்கு இரவிரவாக வரிசையில் நின்றவர்களில் எங்கள் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

கடலோரத்தில் ஒலுவிலை நீங்கள் கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும். கடலரிப்பு என்றவுடன் கடல் மட்டம் உயர்கிறது, காலநிலை மாற்றம் என்று எழுதிவிடுவார்கள். உலகச் சராசரியில் கடல் மட்டம் 2006 முதல் 2018 வரை வருடத்துக்கு ஏறத்தாழ 3.7 மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது. பத்து வருடத்தில் இரண்டு விரல் அகலம். ஒலுவிலில் போனதோ தென்னந்தோப்பும் வாடிகளும் கரைவலை இழுத்த வெளியும். என்ன நடந்தது என்றால், டென்மார்க் கடனுதவியில் அங்கே ஒரு துறைமுகம் கட்டி 2013 இல் திறந்தார்கள். இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். கடலுக்குள் நீட்டிய கல்லணை அந்த மணலைத் தடுத்தது. தெற்குப் பக்கம் மணல் குவிந்தது, துறைமுக வாயும் மணலால் அடைபட்டது, வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் தின்றது. கப்பலும் வரவில்லை. படகுக்காரர் உள்ளே போகவும் முடியாமல் வெளியே வரவும் முடியாமல் நின்றார்கள். மண்ணை அள்ளுவது யார், எந்த அமைச்சு, அள்ளிய மண்ணை எங்கே போடுவது என்பதில் வருடங்கள் போயின. தோப்பை இழந்தவர் உள்ளே நகர்ந்தார், படகை விற்றவர் வளைகுடாவுக்குப் போனார். கடல் மட்டம் ஏறவில்லை என்று நான் சொல்லவில்லை. இனி ஏறப்போவது இந்தச் சிதைந்த கரைமேல்தான் என்பதுதான் பயம்.

சுனாமி காலநிலையால் வந்தது இல்லை, நிலநடுக்கத்தால் வந்தது. ஆனாலும் கரையை விட்டு ஆட்களைப் பின்வாங்க வைப்பது என்றால் என்ன என்று இந்த மண் ஏற்கனவே ஒத்திகை பார்த்துவிட்டது. அதனால் அதைச் சொல்லாமல் போக முடியாது. 2004 டிசம்பர் 26 இல் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கும் மேல். உடனே அரசாங்கம் தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்று கட்டடத் தடை போட்டது. ஏன் எங்களுக்கு மட்டும் இருநூறு என்று இங்கே எல்லோரும் கேட்டார்கள். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை மாதிரி வீட்டுக்கு வீடு முட்டி நிற்கும் ஊரில் இருநூறு மீட்டர் உள்ளே போனால் நிற்கப்போவது அடுத்தவர் வளவில்தான், அதற்கப்பால் வயல். பிறகு தடையைத் தளர்த்தினார்கள். மருதமுனையில் கட்டிய வீடுகளுக்கு "65 மீட்டர் வீட்டுத்திட்டம்" என்றே பெயர். அதிலும் பல வீடுகளைக் கையளிக்க வருடக்கணக்கில் இழுபறி. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியா கட்டிக்கொடுத்த 500 வீடுகளின் கதை இன்னும் மோசம். யாருக்குக் கொடுப்பது என்பது வழக்காகி, இன விகிதாசாரம் என்று தீர்ப்பாகி, வீடுகள் கதவு யன்னலோடு காடு பிடித்துக் கிடந்தன. வீடு கிடைக்க வேண்டிய குடும்பங்களில் பல வாடகை வீடுகளில் கிழடாகிப் போயின. நிர்வாகம் ஆட்களை நகரவும் விடாது, இருக்கவும் விடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மட்டக்களப்பில் நாவலடிச் சனத்தைத் திராய்மடுவுக்குக் கொண்டுபோனார்கள். வீடு கிடைத்தது, சரி. ஆனால் கடற்றொழில்காரனுக்கு விடியப்புறம் எழும்பிக் கடலைப் பார்த்தால்தான் அன்றைக்குத் தொழில் உண்டா இல்லையா தெரியும். திராய்மடுவில் இருந்து கடல் தெரியாது. வள்ளத்தையும் இயந்திரத்தையும் கரையில் யார் காவல் காப்பது? ஆகவே சிலர் பகலில் பழைய வளவில், இரவில் புது வீட்டில் என்று இரண்டு வாழ்க்கை வாழ்ந்தார்கள். நாளைக்குக் கடல் ஏறுகிறது என்று இன்னொரு ஊரை நகர்த்தத் திட்டம் போடுபவர்கள் முதலில் இவர்களிடம் போய்ப் பேச வேண்டும்.

இடம்பெயர்வு என்றால் போகிறவர்களை மட்டும் எண்ணுவதும் சரியில்லை, வந்தவர்களையும் எண்ண வேண்டும். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் இங்கினியாகலையில் அணை கட்டி, சேனாநாயக்க சமுத்திரத்துக்குக் கீழே குடியேற்றங்கள் அமைத்தார்கள். ஆயிரக்கணக்கான சிங்களக் குடும்பங்கள் வெளி மாவட்டங்களில் இருந்து வந்தன. 1956 இல் அங்கே கலவரம், 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை தனி மாவட்டம். தண்ணீரை எங்கே திருப்புகிறீர்களோ அங்கே ஆட்கள் போவார்கள், எந்த ஆட்கள் என்பதையும் அரசாங்கமே தெரிவு செய்யும். அந்த வாய்க்கால்களில் தலைமடை சிங்களவருக்கு, கடைமடை தமிழருக்கு என்று ஆனதால் ஒவ்வொரு வரட்சியும் இனப்பிரச்சினையாகத் தெரிந்தது.

ஆனால் அதே கல்லோயா இடதுகரையில் 1980 களின் தொடக்கத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. கொழும்பு கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இளைஞர்களை வாய்க்கால் வாய்க்காலாக அனுப்பி விவசாயிகளைக் குழுவாக்கினார்கள். தண்ணீர் மிகவும் குறைந்த காலத்தில் தலைமடைச் சிங்கள விவசாயிகள் தங்கள் மடையை அடைத்து, கடைமடைத் தமிழ் விவசாயிகளுக்குத் தண்ணீர் போக விட்டார்கள். பெரிய சட்டம் எதுவும் வரவில்லை, மழையும் கூடவில்லை, முறை வைத்துப் பங்கிட்டார்கள், அவ்வளவுதான். இனப்போர் வெடிக்கப்போகிற காலத்தில் இது நடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

இப்போது மயிலத்தமடு, மாதவணைக்கு வாருங்கள். மேலே மாட்டுப் பட்டி மேற்கே போகும் என்று சொன்னேனே, போகிற இடம் இதுதான். அந்த மேய்ச்சல் தரைக்குள் வெளி மாவட்டத்தவர் வந்து பயிர் செய்யத் தொடங்கினார்கள். நிலம் மத்திய அரசின் மகாவலி அதிகாரசபையின் கீழ் வருகிறது. மட்டக்களப்பில் நடக்கும் கூட்டத்தில் "இத்தனையாம் திகதிக்கு முன் மாடுகளை அகற்று" என்று முடிவெடுப்பார்கள், மாடு போக வேண்டிய இடத்தில் வேலி. வயலில் விட்டால் தண்டம், மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோனால் வெடி, வாள்வெட்டு, சுருக்கு. 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் உட்கார்ந்து போராட்டம் தொடங்கினார்கள். பாலில் வாழ்ந்த குடும்பங்கள் மாட்டை விற்கின்றன. விற்ற காசு வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிக்குப் போகிறது. வரட்சி வந்தால் முதலில் தாக்குப்பிடிப்பது மாடு வைத்திருப்பவர்தான், ஏனென்றால் மாடு நடந்து போய்த் தண்ணீர் குடிக்கும். அந்த நடையை மறித்தது ஒரு நிர்வாக முடிவு.

வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது, ஏனென்றால் இங்கிருந்து போகிறவர்களில் பெரும்பகுதி அந்த வழியால்தான் போகிறார்கள். வரட்சி வந்தால் கிழமைக் கடன் வரும். பெண்கள் ஐந்தாறு பேர் ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுக்கும் நுண்கடன், ஒவ்வொரு கிழமையும் வீட்டு வாசலில் வசூல். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். நிலைமை கையை மீறியதால்தான் 2018 இல் அரசாங்கம் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அதற்குள் எத்தனையோ தாய்மார் குவைத்திலும் சவூதியிலும் அடுப்படியில் நின்றார்கள். 2013 இல் பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கட்டாயமாக்கினார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது, கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகமும் கையெழுத்து வைக்க வேண்டும். நோக்கம் பிள்ளையின் நன்மை. நடந்தது என்ன? கையெழுத்துக்காக அலைச்சல், இடைத்தரகருக்குக் காசு, சுற்றுலா விசாவில் டுபாய் போய் அங்கிருந்து கைமாறுவது. 2022 இல் விதியைத் தளர்த்தினார்கள். ஏறாவூரில் ஒரு ராத்தா கேட்டார், "புள்ளைக்குப் பால்மா வாங்கக் காசில்லாத நேரம் ஒரு அறிக்கையும் வரல்ல. நான் போகப் போறன் எண்டோன்னதான் எல்லாரும் புள்ளையத் தேடி வாறாங்க." அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

போனவர் அனுப்பும் காசு என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள், இது யாரும் எழுதாத பகுதி. காட்டு யானைக்கும் வெள்ளத்துக்கும் பயந்து உட்புறக் கிராமங்களை விட்டவர்கள், வெளிநாட்டுக் காசில் பிரதான வீதிக்குப் பக்கத்தில் காணி தேடுகிறார்கள். மேட்டுக்காணி எட்டாத விலை. ஆகவே பள்ளக்காணி, வயல் காணி, வாவியோரச் சதுப்பு. டிப்பரில் மண் கொண்டுவந்து கொட்டி நிரப்பிக் கட்டுவார்கள். வயலை நிரப்ப 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி வேண்டும், கட்ட உள்ளூராட்சி சபையின் அனுமதி வேண்டும். எல்லாம் காகிதத்தில் சரியாகத்தான் இருக்கும். மழைநீர் தங்க இருந்த பள்ளம் மட்டும் இருக்காது. அடுத்த வருடம் அந்தத் தண்ணீர் பின்னாலுள்ள பழைய வீட்டுக்குள் ஏறும். இப்படி ஒருவர் வெள்ளத்துக்குத் தப்பி வந்தது இன்னொருவருக்கு வெள்ளமாகிறது. நிரப்புகிற மண்ணும் வானத்தால் விழுவதில்லை, ஆற்றில் அள்ளியது. ஆறு ஆழமாகிக் கரை இடிகிறது.

இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது? கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, அதற்குப் பிறகு ஆளுநர் ஆட்சிதான். உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது, அடுத்த தேர்தல் 2025 மே 6 ஆம் திகதிதான் நடந்தது. 2024 நவம்பர் வெள்ளம் வந்தபோது வடிகானைத் துப்பரவாக்கு என்று சண்டை பிடிக்க வட்டாரத்துக்கு ஒரு தெரிவான உறுப்பினர்கூட இல்லை. செயலாளர்மார் நன்றாக வேலை செய்த இடமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதிகாரி மேலே பார்த்து வேலை செய்வார், உறுப்பினர் அடுத்த வாக்கைப் பார்த்தாவது வடிகானில் இறங்குவார்.

உலகளவில் உலக வங்கி 2021 இல் ஒரு கணக்குச் சொன்னது: 2050 க்குள் ஆறு பிராந்தியங்களில் 21 கோடியே 60 லட்சம் பேர் வரை காலநிலையால் தங்கள் நாட்டுக்குள்ளேயே இடம்பெயரலாம். எல்லோரும் இந்த எண்ணை மேற்கோள் காட்டுவார்கள். அதே அறிக்கை, உடனே நடவடிக்கை எடுத்தால் அந்த எண்ணை 80 சதவீதம் வரை குறைக்கலாம் என்றும் சொல்கிறது. அந்த இரண்டாவது பாதியை மேற்கோள் காட்டுவோர் குறைவு. 1951 அகதிகள் உடன்படிக்கையில் காலநிலையால் போகிறவருக்கு இடமில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் எங்கள் பிரச்சினைக்கு அது தூரம். எங்கள் ஆட்கள் அகதியாக அல்ல, தொழிலாளியாகத்தான் போகிறார்கள்.

ஆய்வுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். "காலநிலையால் போனீர்களா?" என்று வினாக்கொத்தில் கேட்காதீர்கள், ஆம் என்றுதான் சொல்வார்கள், உங்களை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராது. படுவான்கரையில் ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவு, எழுவான்கரையில் ஒன்று, நிந்தவூர் மாதிரி கடற்கரையில் ஒன்று எடுங்கள். வாக்காளர் இடாப்பில் பெயர் உள்ளவர்களில் எத்தனை பேர் ஊரில் நிற்கிறார்கள் என்று வீடு வீடாகப் பாருங்கள். ஆரம்பப் பாடசாலையில் முதலாம் ஆண்டுச் சேர்க்கையைப் பத்து வருடத்துக்கு எடுங்கள், அது பொய் சொல்லாது. மழைப் பதிவை அதன் பக்கத்தில் வையுங்கள், கூடவே வான்கதவு திறந்த நாள், முகத்துவாரம் வெட்டிய நாள், இழப்பீடு வந்த நாள் மூன்றையும் எழுதுங்கள். போகாமல் நிற்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். போக ஏலாமல் பேரப்பிள்ளைகளோடு இருக்கிற அம்மம்மாமார் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அப்புறம் கமநல சேவை நிலையத்தில் நெற்காணி இடாப்பைக் கேட்டு வாங்கி, அதையும் கையில் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போங்கள். இடாப்பில் இருப்பவர் ஒருவர், வரம்பில் மண்வெட்டியோடு நிற்பவர் இன்னொருவர் என்று வரும் இடங்களில், வரம்பில் நிற்பவரிடமிருந்து பேச்சைத் தொடங்குங்கள். கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம் போகிறீர்கள் என்றால் ஜனவரிக்கு முன்னமே சொல்லுங்கள், அறுவடை தொடங்கினால் யாருக்கும் பேச நேரம் இருக்காது.